பின்னறைக்கு நேர்ந்த முன்னேற்றம்

பிள்ளைகளைப் பேசவிடாத பெரியவர்கள் ஒரு வகை. அவர்களைப் பற்றி ஏற்கெனவே ஏராளமாக எழுதியாகிவிட்டது. அவர்களும் அதில் ஒரு வரியைக்கூடப் படிக்காமல் சௌக்கியமாக இருக்கிறார்கள். இங்கே பார்க்கப்போவது அதைவிட அரிய, அதைவிட அன்பான, அதனாலேயே தப்பிக்க வழியில்லாத இன்னொரு வகை: பிள்ளைகளைப் பேசவைக்கிற பெரியவர். பேசவிடுவதும் பேசவைப்பதும் ஒன்றுதானே என்கிறீர்களா? கதவைத் திறந்து வைப்பதும் கையைப் பிடித்து வெளியே இழுப்பதும் ஒன்றென்றால், இதுவும் ஒன்றுதான்.

ஆளை அடையாளம் காண்பது சுலபம். பள்ளிக்கூடம் விட்ட பிறகு வீட்டுக்குப் போக மனம் வராத பிள்ளைகள் வந்து சேர்கிற மையம் எங்கே இருக்கிறதோ, அங்கே இவர் இருப்பார். அந்த மையத்தில் நல்ல நாற்காலிகள் இருக்கும்; அவற்றில் யாரும் உட்கார்ந்திருக்க மாட்டார்கள். எல்லாரும் தரையில் வட்டமாக உட்கார்ந்திருப்பார்கள். ஏனென்றால் வட்டத்தில் மேலே கீழே கிடையாது, பெரியவர் சின்னவர் கிடையாது, தலைமை என்ற பேச்சே கிடையாது என்று இவர் எழுந்து நின்று உத்தரவு போட்டிருப்பார். இவர் கையில் ஒரு துணிப்பந்து. பந்து யாரிடம் இருக்கிறதோ அவர் மட்டும்தான் பேசலாம், மற்றவர்கள் காது கொடுக்க வேண்டும் என்பது விதி. அந்த விதியை விளக்குகிற சாக்கில் பந்தைக் கையில் வைத்துக்கொண்டே பாதி நேரத்தை இவர் ஓட்டிவிடுவார். பிறகு, "நீங்க ஒரு மிருகமா இருந்தா என்ன மிருகமா இருப்பீங்க?" என்று ஆரம்பிப்பார். அன்று காலையில்தான் கணக்கு வாத்தியார் அதற்கான விடையை, பந்து வந்து சேர்ந்த பையனிடம் தெளிவாகச் சொல்லி அனுப்பியிருப்பார். பாவம், அவன் விழிப்பான். "தப்பான பதில்னு ஒண்ணு கிடையவே கிடையாது" என்று இவர் தெம்பூட்டுவார்.

பொய். ஒரே ஒரு தப்பான பதில் உண்டு. "ஒண்ணுமில்ல" என்று சொல்லிப் பாருங்கள்.

"ஒண்ணுமில்லன்னா? கொஞ்சம் உள்ள போய்ப் பாரேன்."

"உள்ளயும் ஒண்ணுமில்லண்ணா."

"சொல்லத் தயங்குற. பரவாயில்ல. நாங்க காத்திருக்கோம்."

அப்புறம் காத்திருப்பார் பாருங்கள், அது கந்துவட்டிக்காரன் வாசலில் வந்து நிற்கிற காத்திருப்பு. வட்டமே தலையைக் குனிந்துகொள்ளும். கடைசியில் அந்தப் பையன் வேறு வழியில்லாமல், நேற்றுவரை வாலாட்டிக்கொண்டிருந்த தன் வீட்டு நாயை அந்த இடத்திலேயே சாகடித்துவிட்டுக் கண்ணைக் கசக்குவான். எல்லாரும் கைதட்டுவார்கள். இவர் கண் கலங்குவார். அன்றைய செஷன் வெற்றி.

நம் கதைக்கு வந்திருப்பவர் இந்த இனத்தின் முதல் தரமான மாதிரி. பிள்ளைகள் அவருக்கு முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர் 'வட்டம்'. முகத்துக்கு முன்னால் 'அண்ணா'. 'சார்' என்று யாராவது வாய் தவறிச் சொல்லிவிட்டால் அவருக்கு நெஞ்சில் ஆணி இறங்கும். தாடி நரைத்துவிட்டது, முட்டி மடக்கினால் சத்தம் போடுகிறது, மகளுக்கும் இந்தப் பிள்ளைகளுக்கும் ஒரே வயது, இருந்தாலும் அண்ணாதான். "அப்படின்னா உங்க பொண்ணுக்கும் நீங்க அண்ணன் முறைதானேண்ணா?" என்று ரேடியோ ஒருநாள் கேட்டான். ரேடியோ என்பது வாய் ஓயாத ஒரு பையன். காலையில் திருகிவிட்டால் படுக்கும்வரை ஓடும். வட்டம் அதற்குக் கோபித்துக்கொள்ளவில்லை. "அருமையான கேள்வி" என்றார். அவருக்கு எல்லாக் கேள்வியும் அருமையான கேள்விதான். பதில்தான் கிடைக்காது.

கெட்ட மனிதரா? சத்தியமாக இல்லை. நல்ல சம்பளத்தில் இருந்த வேலையை விட்டுவிட்டு இதற்கு வந்தவர். எந்தப் பிள்ளைக்கு எந்த மாத்திரை ஒத்துக்கொள்ளாது என்பதுவரை தெரிந்தவர். காய்ச்சலில் படுத்த பையனைப் பார்க்க மழையில் நனைந்துகொண்டு போய், அவனைவிட அதிகக் காய்ச்சலோடு திரும்பியவர். தொந்தரவே அங்கேதான் இருக்கிறது. கெட்டவராக இருந்தால் பிள்ளைகள் எதிர்த்து நின்றிருப்பார்கள். நல்லவரை எதிர்க்க எந்த வயதிலும் யாருக்கும் தைரியம் போதாது.

மையம் ஒரு டயர் கடைக்கு மேலே, மாடியில். முன்னால் ஹால், அதில் வட்டம். பக்கத்தில் கணினி அறை, அதில் கம்ப்யூட்டர் டீச்சர். அதற்கும் பின்னால் ஓர் அறை. கால் உடைந்த நாற்காலிகள், சுருட்டிய பாய்கள், பழைய முகாம்களின் பேனர்கள் எல்லாம் போட்டு வைக்கிற இடம். ஒரு ஜன்னல் உண்டு. திறந்தால் பக்கத்துக் கட்டடத்தின் சுவர் தெரியும். அந்தச் சுவரிலும் பார்க்க ஒன்றும் இல்லை. மையத்தில் எந்தத் திட்டமும் எட்டிப் பார்க்காத ஒரே இடம் அதுதான்.

இந்த வருஷம் பிள்ளைகளின் வரவு கூடிக்கொண்டே போனது. மையத்தை நடத்துகிற அறக்கட்டளையின் தலைவியம்மா போன் போட்டே கேட்டார்: "எப்படி? மத்த சென்டர்ல எல்லாம் ஈ ஓட்டிக்கிட்டு இருக்காங்களே?"

"வட்டத்தோட சக்தி மேடம்" என்றார் வட்டம், அடக்கமாக.

உண்மை வேறு. பிள்ளைகளுக்குள் ஓர் ஒப்பந்தம் இருந்தது. முன் ஹாலில் வட்டத்தில் ஒழுங்காக உட்கார்ந்து, மிருகம் சொல்லி, நாயைச் சாகடித்து, கைதட்டி முடிப்பவர்கள் அதற்கப்புறம் பின்னறைக்குப் போகலாம். கதவைச் சாத்திக்கொள்ளலாம். அங்கே யாரும் யாரையும் எதுவும் கேட்கக் கூடாது. அவ்வளவுதான். வட்டம் என்பது அந்த அறைக்கு அவர்கள் கொடுக்கிற வாடகை.

இது வாடகை வாங்குகிற வட்டத்துக்குத் தெரியாமல் இருந்தவரை எல்லாம் நன்றாகத்தான் இருந்தது.

ஒருநாள் பசை டப்பா தேடிக்கொண்டு போனவர் பின்னறைக் கதவைத் திறந்தார். திறந்த பிறகு தட்டினார்; பிள்ளைகளின் தனிமையை மதிக்கிறவர். உள்ளே ஏழெட்டுப் பேர். ஒருத்தன் பேனர் மூட்டைமேல் சாய்ந்து தன் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தான். ரேடியோ வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். இதை நேரில் கண்ட முதல் பெரியவர் வட்டமாகத்தான் இருக்க வேண்டும். சுருட்டிய பாய்கள்மேல், பள்ளியில் கடைசி வருஷம் படிக்கிற ஒரு பெண் மல்லாந்து படுத்து உத்தரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தோழிகள் அவளுக்கு வைத்த பெயர் தூங்குமூஞ்சி. ஆனால் அவள் தூங்கவில்லை. கண் திறந்துதான் இருந்தது.

"என்ன பண்றீங்க எல்லாரும்?"

"ஒண்ணும் பண்ணலண்ணா."

பிள்ளைகள் சண்டை போட்டிருந்தால் அதற்கு ஒரு செஷன் இருக்கிறது. திருட்டுத்தனமாகப் புகை பிடித்திருந்தால் அதற்கு இரண்டு செஷன் இருக்கிறது. காதல் கத்தரிக்காய் என்றால் ஒரு முகாமே இருக்கிறது. ஒன்றுமே செய்யாமல் இருக்கிற பிள்ளைகளை என்ன செய்வது?

"எனக்காகவா காத்துக்கிட்டிருந்தீங்க?" என்றார், நம்பிக்கையோடு.

"இல்லண்ணா."

அன்று ராத்திரிச் சாப்பாட்டில் அவருக்கு மனம் ஓடவில்லை. எதிரில் மகள்.

"இன்னிக்கு உன் நாள் எப்படி இருந்துச்சும்மா?"

"நல்லா இருந்துச்சுப்பா."

"நல்லான்னா? ஒரு நிறமா சொல்லேன்."

"அப்பா, சாப்பாடு ஆறுது."

"ஏங்க, அவ சாப்பிடட்டும்" என்றாள் மனைவி. "நிறம்தானே வேணும்? நான் சொல்றேன். எனக்கு இப்போ சிவப்பு."

மகள் கை கழுவிவிட்டுத் தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். சாத்திய கதவையே வட்டம் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். அப்போதுதான் அவருக்கு அது பளிச்சென்று தோன்றியது: இந்த வயதில் பிள்ளைகளுக்கு ஒதுங்கி இருக்க ஓர் இடம் வேண்டும்! யாரும் நுழையாத இடம்! அந்த மகிழ்ச்சியை உடனே பகிர்ந்துகொள்ளாவிட்டால் தலை வெடித்துவிடும் போலிருந்தது. மகளின் கதவைத் திறந்தார். பிறகு தட்டினார்.

மறுநாள் வட்டம் கூடியது. சுவரில் சார்ட் பேப்பர். கையில் ஸ்கெட்ச் பேனா.

"பின்னாடி ரூமை என்ன பண்ணலாம்? முடிவு உங்களோடது. நான் வெறும் எழுதுற கை."

"அப்படியே விட்டுடலாம்ணா" என்றான் ரேடியோ. அவன் ஒரே வாக்கியத்தில் பேச்சை முடித்தது அன்றுதான்.

"பிரமாதம்!" 'இயல்புத்தன்மை' என்று எழுதினார் எழுதுற கை. "அடுத்து?"

"கதவைச் சாத்திக்கிட்டா போதும்."

'பாதுகாப்பான எல்லைகள்.'

"உள்ள யாரும் வரவேண்டாம்."

'வெளியாரின் பங்களிப்பு குறித்த தெளிவு.'

"ஒண்ணுமே வேண்டாம்ணா. நாங்க எதுவும் கேட்கல."

'எளிமை.' அதன் கீழே இரண்டு கோடு போட்டார். பிறகு இரண்டடி பின்னால் போய் நின்று, தலையைச் சாய்த்து, சார்ட்டைப் பார்த்துப் பூரித்தார். "பாருங்க, எவ்வளவு எதிர்பார்ப்பு உங்களுக்குள்ள!"

கம்ப்யூட்டர் டீச்சர் வாசலில் நின்று இதைக் கேட்டுக்கொண்டிருந்தார். "பெயின்ட் அடிக்கப்போறீங்களா? மிச்சம் இருந்தா என் ரூமுக்கும் ஒரு கோட் அடிச்சிடுங்க" என்றார்.

எல்லாரும் கலைந்த பிறகு தூங்குமூஞ்சி மட்டும் நின்றாள். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, செருப்பையும் போட்டுக்கொண்டு, படியிறங்கத் தயாராக நின்றபடிதான் பேசினாள்.

"அண்ணா, ஒண்ணு சொல்லணும்."

வட்டம் உடனே தரையில் உட்கார்ந்தார்.

"இல்ல, நின்னுக்கிட்டே சொல்லிடறேன். வீட்டுக்குப் போனா தம்பிங்க ரெண்டு பேரும் கூப்பிடுவாங்க. அம்மா கூப்பிடுவாங்க. சித்தப்பா குடும்பமும் எங்களோடதான் இருக்கு, சித்தியும் கூப்பிடுவாங்க. ஒரே ஹால்ணா. ஸ்கூல்ல எந்திரிச்சு நில்லும்பாங்க. இங்க வந்தா பந்து வருது. அந்த ரூம்ல மட்டும்தான் என்னை யாரும் எதுக்கும் கூப்பிடறதில்ல. அங்க கொஞ்ச நேரம் இருந்துட்டுப் போனாத்தான் வீட்ல யார்மேலயும் எரிஞ்சு விழாம இருக்க முடியுது. அதை எடுத்துடாதீங்கண்ணா. எனக்கு வேற எடம் இல்ல."

வட்டம் அழுதுவிட்டார். நடிப்பில்லை, நிஜமான கண்ணீர். இத்தனை வருஷத்தில் ஒரு பிள்ளை தானாக வந்து, பந்து இல்லாமல், மனதைத் திறந்து பேசியது அதுதான் முதல் தடவை. அவருடைய வாழ்க்கையின் உச்சம் என்றே சொல்லலாம். அந்த உச்சத்தில் நின்றுகொண்டு ஒரு மனிதர் என்ன செய்ய வேண்டும்? "சரிம்மா" என்று சொல்லிவிட்டு விளக்கை அணைத்து வீட்டுக்குப் போக வேண்டும். வேறு எந்தத் தொழிலில் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார். ஒரு டயர் கடைக்காரருக்குக்கூட அது போதும் என்று தெரிந்திருக்கும்.

வட்டம் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "இதை நீ எல்லார் முன்னாடியும் சொல்லணும்."

வேலை மளமளவென்று நடந்தது. நாற்காலிகளும் பேனர்களும் போயின. பாய்கள் போயின, அவற்றுக்குப் பதிலாக, உட்கார்ந்தால் ஆளை விழுங்கி, எழுந்திருக்க இன்னொருவர் கை கொடுக்க வேண்டிய பஞ்சு மூட்டைகள் வந்தன. சுவருக்குக் கண்ணைப் பறிக்கிற மஞ்சள். அதன்மேல் 'உன் மௌனமே உன் குரல்' என்று ஆளுயர எழுத்து. ஜன்னலுக்கு வெளியே இருந்த வெறும் சுவர் மனதைச் சோர்வாக்கும் என்று அதை மறைத்து ஓர் அருவிப் படம். பழைய கதவைக் கழற்றிவிட்டுக் கண்ணாடிக் கதவு போட்டார்கள். பிள்ளைகள் தனிமையில் இருப்பதை வருகிற விருந்தினர்கள் பார்க்க வேண்டாமா? அறைக்கு 'உள்ளொலி' என்று பெயர். கால அட்டவணை கதவிலேயே ஒட்டியிருந்தது: முதலில் மணி, பிறகு மௌனம், பிறகு மறுபடி மணி, அதன் பிறகு மௌனமாக இருந்தது எப்படி இருந்தது என்று ஒவ்வொருவரும் பேச வேண்டும்.

மணி அடிக்க ஓர் ஆள் வேண்டுமே? அமைதியின் அருமை தெரிந்த ஒருத்தி இருக்கும்போது வேறு யாரைத் தேடுவது? தூங்குமூஞ்சியின் சட்டையில் ஒரு பேட்ஜ் குத்தப்பட்டது. 'மௌனத் தூதர்.'

திறப்பு விழாவுக்குத் தலைவியம்மா வந்தார். நாடா வெட்டினார். அமைதியைப் பற்றி உரத்த குரலில், மைக்கில், வெகுநேரம் பேசினார். பிறகு வட்டம் தூதரை அழைத்தார். "வா, வா. அன்னிக்கு என்கிட்ட சொன்னியே, அதை அப்படியே சொல்லு."

அவள் எழுந்து வந்தாள். மைக்கைப் பார்த்தாள். கூட்டத்தில் அவள் அம்மாவும், வேலைக்கு விடுப்புப் போட்டுவிட்டு வந்து, உட்கார்ந்திருந்தாள், பக்கத்தில் சித்தி. அவர்கள் முன்னால்தான் அவள் சொல்ல வேண்டும், இவர்கள் கூப்பிடாத இடம் ஒன்று வேண்டும் என்று.

"எனக்குச் சொல்ல ஒண்ணுமில்ல" என்றாள். "சொல்ல வேண்டியதை அன்னிக்கே சொல்லிட்டேன்." போய் உட்கார்ந்துவிட்டாள்.

வட்டம் பாய்ந்து வந்து மைக்கைப் பிடித்தார். "பார்த்தீங்களா? எவ்வளவு ஆழம்! இதுதாங்க உள்ளொலி!" கைதட்டல் டயர் கடைவரைக்கும் கேட்டது. தலைவியம்மா கைக்குட்டையை எடுத்தார்.

அதற்கடுத்த நாட்களில் மையத்தில் அடிக்கடி கேட்ட சத்தம் எது தெரியுமா? "தூதர் எங்கப்பா? தூதரைக் கூப்பிடு. தூதரே, மணி அடிக்கணும். தூதரே, ரெண்டு பேர் வந்திருக்காங்க, எப்படி அமைதியா இருக்கறதுன்னு காட்டு." யாரும் கூப்பிடாத ஒரே இடத்தில் அவளை எல்லாரும் கூப்பிட்டார்கள். வீட்டில் தம்பிகளாவது தூங்குகிற நேரம் என்று ஒன்று உண்டு.

ஒருநாள் பேட்ஜைக் கழற்றிக் கம்ப்யூட்டர் டீச்சர் மேஜைமேல் வைத்துவிட்டுப் போனாள். பிறகு வரவில்லை. அவளுக்குப் பின்னால் கட்டைவிரல் பையன் வரவில்லை. ரேடியோ இரண்டு நாள் தாக்குப்பிடித்தான். மௌனம் எப்படி இருந்தது என்று அவனையே முதலில் பேசச் சொன்னதால் அவனும் நின்றுவிட்டான். வாடகைக்குத் தகுந்த வீடு இல்லையென்றால் யார்தான் வாடகை கொடுப்பார்கள்? வட்டம் அரைவட்டமானது. பிறகு ஒரு கோடானது. ஒரு சாயங்காலம் துணிப்பந்தோடு அவர் மட்டும் தரையில் உட்கார்ந்திருந்தார். பந்து அவரிடம்தான் இருந்தது, பேசலாம். கேட்கத்தான் ஆளில்லை.

அவர் வருத்தப்பட்டார். அதையும் சொல்லத்தான் வேண்டும். கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய், பஞ்சு மூட்டையில் விழுந்து, எழுந்திருக்க முடியாமல் அருவிப் படத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். எங்கே தப்பு நடந்தது என்று யோசித்தார். மஞ்சளுக்குப் பதிலாக நீலம் அடித்திருக்க வேண்டுமோ?

ஒருவழியாக எழுந்து, பிள்ளைகளைத் தேடிக்கொண்டு தெருவில் இறங்கினார். விளையாட்டுத் திடலில் இல்லை. கடைவீதியில் இல்லை. கடைசியில் பெரிய சாலையில் பேருந்து நிறுத்தத்தில் பார்த்தார். நிழற்குடையின் கீழே நீள பெஞ்சு. அதில் தூங்குமூஞ்சி, ரேடியோ, கட்டைவிரல் பையன், இன்னும் ஒரு பெண். வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஒரு பேருந்து வந்தது, ஆட்களை இறக்கியது, ஏற்றியது, போனது. அவர்கள் அசையவில்லை. இன்னொன்று வந்தது. அதிலும் ஏறவில்லை. யாரும் அவர்களை எதுவும் கேட்கவில்லை. பேருந்து நிறுத்தத்தில் சும்மா உட்கார்ந்திருப்பவனை உலகத்தில் யாரும் ஏன் என்று கேட்பதில்லை. எப்பேர்ப்பட்ட கண்டுபிடிப்பு! தூங்குமூஞ்சி தலையைப் பின்னால் சாய்த்து, நிழற்குடையின் தகரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முகம் தெளிந்திருந்தது.

சாலைக்கு இந்தப் பக்கம், நிறுத்தியிருந்த ஒரு வேனின் மறைவில், வட்டம் நின்றார். வாகனங்கள் குறுக்கே ஓடின. அவர் எதுவும் செய்யவில்லை. யாரையும் கூப்பிடவில்லை. அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்துக்கொண்டு, ஒரு வார்த்தை பேசாமல், பேனா எடுக்காமல் நின்றார். அவருடைய நீண்ட பணியில் பிள்ளைகளுக்கு அவர் செய்த மிகச் சிறந்த சேவை அந்தச் சில நிமிஷங்களில்தான் நடந்தது. அவருக்கு ஏதோ புரிகிற மாதிரிகூட இருந்தது. 'இப்படியே திரும்பிப் போயிடலாம்' என்று உள்ளே ஒரு குரல் சொன்னது.

சாலையைக் கடந்தார்.

"பயப்படாதீங்க, நான் எதுவும் கேட்க வரல" என்று பெஞ்சு ஓரத்தில் உட்கார்ந்தார். "உங்களோட சும்மா உட்காரலாம்னு வந்தேன்."

நிஜமாகவே அவரும் சும்மா இருந்தார். ஒரு லாரி போயிற்று. ஒரு சைக்கிள் போயிற்று.

"எவ்வளவு நல்லா இருக்கு இல்ல, இப்படிச் சும்மா இருக்கறது?"

தூங்குமூஞ்சி நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"இப்படிச் சும்மா இருக்கறப்போ உங்களுக்குள்ள என்ன ஓடுதுன்னு..."

ஒரு பேருந்து வந்து நின்றது. எந்த ஊருக்குப் போகிறது என்று பலகையைக்கூடப் பார்க்காமல் நான்கு பேரும் ஒரே தாவாகத் தாவி ஏறினார்கள். கதவு சாத்திக்கொண்டது. ஜன்னலோரத்தில் ரேடியோ மரியாதைக்காகக் கையை ஆட்டினான். தூங்குமூஞ்சி திரும்பவில்லை.

வண்டி வளைவில் மறையும்வரை வட்டம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மெல்ல முகம் மலர்ந்தது. சட்டைப் பையில் போனைத் தேடினார்.

"மேடம், நான்தான். ஒரு முக்கியமான விஷயம். நம்ம பிள்ளைங்களுக்குப் பயணத்துல இவ்வளவு ஆர்வம் இருக்குன்னு எனக்கு இத்தனை நாள் தெரியாமப் போச்சு..."

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள், தப்பில்லை. சிரித்து முடித்ததும் வீட்டுக்குள் ஒரு பார்வை பாருங்கள். மகனோ மகளோ தங்கையோ அக்கா பிள்ளையோ, யாராவது ஒரு மூலையில் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்களா? "என்ன பண்றே?" என்ற கேள்வி உங்கள் தொண்டைவரை வந்துவிட்டதா? நல்லது, விழுங்கிவிட்டீர்கள். 'நான் அந்த மனுஷன் மாதிரி இல்லை. நானாக இருந்தால் சத்தமில்லாமல் போய், பக்கத்தில் உட்கார்ந்து, மனம் நோகாமல் ஒரே ஒரு வார்த்தை மட்டும் கேட்பேன்' என்றுதானே இப்போது நினைக்கிறீர்கள்? அப்படியானால் உங்கள் வீட்டுப் பக்கம் எந்தெந்தப் பேருந்து போகிறது என்று விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள். தேடிப் போக உதவும்.